எந்த எஞ்சினை நம்பிப் பறப்பது?

ராதாபுரத்துக்கு மேற்கே, காவல்கிணறு தாண்டி எழுந்து நிற்கும் மகேந்திரகிரி மலையின் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட் எஞ்சின்களைத் தரையில் பிணைத்துவைத்து எரித்துப் பார்க்கும் இடம் அது. 2024 பிப்ரவரி 13ஆம் தேதி அங்கே நடந்த சோதனையோடு சி.இ.20 என்ற கிரையோஜெனிக் எஞ்சின், மனிதரை ஏற்றிச் செல்லும் ககன்யான் திட்டத்துக்குத் தகுதி பெற்றது. அந்தத் தகுதிக்காக நான்கு எஞ்சின்களை 39 முறை எரித்திருந்தார்கள். எல்லாம் சேர்த்து 8,810 விநாடி. விதி கேட்டதோ 6,350 விநாடிதான். ஒரு பயணத்தில் பத்துப் பதினோரு நிமிடம் ஓடப்போகிற எஞ்சினுக்கு இத்தனை பாடு. மனிதர் ஏறுகிறார் என்றதும் வடிவமைத்தவரின் கெட்டிக்காரத்தனம் போதாது என்றாகிவிடுகிறது. எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடிக் காட்டியது என்பதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதே மாவட்டத்தில், தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் மணிமுத்தாறு. அங்குள்ள தனியார் ஓடுதளம் ஒன்றிலிருந்து 2014இல் இருவர் அமரக்கூடிய ஒரு சிறு விமானம் கிளம்பியது. தொடுபுழைப் பக்கத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் தம் கையாலேயே கட்டியது. பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேச இயலாதவர், பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். அவர் வாழ்க்கையை ஒட்டி 2017இல் மலையாளத்தில் ‘விமானம்’ என்று ஒரு படமும் வந்தது. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால், 1910 மார்ச்சில், சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாகோமோ டாஞ்ஜெலிஸ் என்பவர் சிம்ப்சன் கம்பெனியைக்கொண்டு ஒரு விமானம் கட்டி, அதைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுக் காட்டினார். ஆக, சொந்தமாக விமானம் கட்டும் ஆசை நமக்குப் புதிதில்லை. ஆசையோடு கைத்திறனும் இருப்பவர்கள் இங்கே ஏராளம். அப்படிப்பட்டவர் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த எஞ்சினைப் பொருத்துவது?

வெளிநாடுகளில் இப்போது விமானம் ‘கிட்’டாகவே கிடைக்கிறது. வெட்டி, வளைத்து, துளையிட்ட அலுமினியத் தகடுகளும் விலா எலும்புகளும் பெட்டியில் வந்து இறங்கும். படம் பார்த்து ரிவெட் அடித்துச் சேர்க்க வேண்டியது வாங்கியவர் பொறுப்பு. அமெரிக்க விதிப்படி கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர் ஆளின் கையால் நடந்திருக்க வேண்டும். ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் இங்கிலாந்தில் கொரோனா ஊரடங்குக் காலத்தில் நான்கு பேர் அமரும் ‘ஸ்லிங்’ விமானத்தை இப்படிக் கட்டி, 2022இல் குடும்பத்தோடு பறந்தது நம் பத்திரிகைகளிலும் வந்தது. கிட் விற்பவர் பெரும்பாலும் எஞ்சினைத் தனியாகத்தான் விலை சொல்வார். மொத்தச் செலவில் பெரும்பங்கு அதுதான். அதனால் கட்டுகிறவருக்கு முதலில் தோன்றுவது, ‘இதே சக்தியுள்ள எஞ்சின் வேறெங்காவது மலிவாகக் கிடைக்காதா?’ என்பது. இந்தக் கேள்வியே தப்பான இடத்தில் தொடங்குகிறது என்பது என் எண்ணம். விமான எஞ்சின் வாங்குகிறவர் குதிரைத்திறனை மட்டும் வாங்குவதில்லை. அதே எஞ்சினை, அதே வகை விமானத்தில், அவருக்கு முன்னால் மற்றவர்கள் ஓட்டி, கெடுத்து, கண்டுபிடித்து, திருத்திய மணிநேரங்களையும் சேர்த்தே வாங்குகிறார். காசில் பெரும்பகுதி அதற்குத்தான்.

சக்திதான் எல்லாம் என்றால் 1903இல் சரித்திரம் வேறு மாதிரி நடந்திருக்கும். அமெரிக்க அரசின் பணத்தோடு விமானம் கட்டிய சாமுவேல் லாங்லியிடம் 52 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தது. எடைக்கு எடை பார்த்தால் அந்தக் காலத்தில் அதற்கு நிகரே இல்லை. ரைட் சகோதரர்களிடம் இருந்ததோ, அவர்களுடைய சைக்கிள் பட்டறையில் சார்லி டெய்லர் செய்துகொடுத்த 12 குதிரைத்திறன் எஞ்சின். லாங்லியின் விமானம் அக்டோபரிலும் டிசம்பரிலுமாக இரண்டு தடவை பொடோமாக் ஆற்றில் விழுந்தது. இரண்டாவது முறை விழுந்து ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். விமானத்துக்கு எவ்வளவு சக்தி தேவை என்பதை அவர்கள் முதலிலேயே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். எட்டுக் குதிரைத்திறன் கிடைத்தாலே போதும் என்பது கணக்கு. மிச்ச உழைப்பையெல்லாம் இறக்கையிலும் புரொப்பெல்லரிலும் போட்டார்கள். இன்றைக்கு அந்தக் கணக்கைக் கிட் வடிவமைத்தவர் நமக்காகப் போட்டுத் தந்துவிடுகிறார். இந்த எடை, இந்தச் சக்தி, மூக்கிலிருந்து இவ்வளவு தூரம் என்று எழுதியே கொடுக்கிறார். அதைவிடக் கனமான எஞ்சினை மூக்கில் மாட்டினால் விமானத்தின் எடைமையம் முன்னால் போகும். இறங்கும்போது மூக்கைத் தூக்க வால் திணறும். கூடுதல் சக்தி கூடுதல் பெட்ரோலைக் கேட்கும், கூடுதல் பெட்ரோல் இன்னும் எடையைக் கூட்டும். பத்துக் குதிரைத்திறன் அதிகமாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் கடைசியில் வேறு ஒரு விமானத்தைக் கட்டியிருப்பார். அந்த விமானத்தை அவருக்கு முன்னால் யாரும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கார் எஞ்சின்களைக் காட்டி ஒரு மறுப்பு எழும். இன்றைய கார் எஞ்சின் இரண்டு லட்சம் கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஓடுகிறதே, அதை ஏன் பறக்கவிடக் கூடாது? நியாயமான கேள்விதான். ஆனால் நாற்கரச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் கார் தன் சக்தியில் கால்பங்கைக்கூடப் பயன்படுத்துவதில்லை. விமானம் தரையை விட்டு எழும்போது முழுச் சக்தி, பிறகு மணிக்கணக்கில் முக்கால் பங்கு. கார் எஞ்சினைவிடக் கிணற்று மேட்டில் விடிய விடிய ஒரே சுமையில் ஓடும் டீசல் பம்புசெட்டுக்குத்தான் அது நெருங்கிய உறவு. அடுத்தது சுற்று வேகம். 1.8 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,700 சுற்றுச் சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு ஏறக்குறைய 254 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கும். அதையே 5,500 சுற்றில் சுற்றவிட்டால் நுனிவேகம் 518 மீட்டர். ஒலியின் வேகமே சுமார் 340தான். நுனி ஒலிவேகத்தை நெருங்கினால் சத்தம்தான் கூடும், இழுவிசை கூடாது. பைக் எஞ்சினும் கார் எஞ்சினும் தம் முழுச் சக்தியைத் தருவது இப்படிப்பட்ட உயர்ந்த சுற்றுகளில். ஆகவே நடுவில் வேகத்தைக் குறைக்கும் பெல்ட்டோ கியர்பாக்ஸோ வேண்டும். சிக்கல் அங்கேதான் குடியிருக்கிறது. பிஸ்டன்கள் சக்தியைத் தொடர்ச்சியாகத் தருவதில்லை, தட்டித் தட்டித்தான் தருகின்றன. மறுமுனையில் கனத்த புரொப்பெல்லர் தன் வேகத்தை விட்டுக்கொடுக்க மறுக்கிறது. இடையிலுள்ள தண்டு ஒவ்வொரு தட்டுக்கும் முறுக்கிக்கொண்டு விரியும். ஏதோ ஒரு சுற்று வேகத்தில் அந்த முறுக்கலும் தட்டும் தாளம் சேர்ந்துவிட்டால் பல்லோ தண்டோ உடையும். எந்த வேகத்தில் அது நேரும் என்பது எஞ்சின், கியர், புரொப்பெல்லர் மூன்றும் சேரும் சேர்க்கைக்குச் சேர்க்கை மாறும். தரையில் பத்து மணிநேரம் ஓட்டிப் பார்த்தவருக்கு அது தெரியாமலே போகலாம்.

ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் 912 வகை எஞ்சின் இந்தக் கஷ்டத்தை முறையாகத் தீர்த்த ஒன்று. 1989 முதல் சந்தையில் இருக்கிறது. இந்த வரிசையில் 50,000க்கும் மேல் விற்றிருக்கிறார்கள். நூறு குதிரைத்திறன் தரும் வகை 5,500 சுற்றில் தொடர்ந்து ஓடும். 2.43க்கு 1 என்ற கியர் அதைப் புரொப்பெல்லரில் சுமார் 2,260 சுற்றாக இறக்கும். முறுக்கு அதிர்வை விழுங்க கியர்பாக்ஸுக்குள்ளேயே ஏற்பாடு உண்டு. தொடக்கத்தில் இதை ஆயிரம் மணிநேரம் ஆவதற்குள்ளேயே பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டியிருந்தது. அந்த எல்லை படிப்படியாக உயர்ந்து இன்று 2,000 மணிநேரத்துக்கு வந்திருக்கிறது. விற்ற எஞ்சின்கள் எங்கெங்கோ ஓடி, தேய்ந்து, பட்டறைக்குத் திரும்பி வந்து சொன்ன சேதிதான் அந்த எண்ணை உயர்த்தியது. கையாளும் முறையிலும் அந்த அனுபவம் படிந்திருக்கிறது. 912இன் எண்ணெய் எஞ்சினுக்கு அடியில் தங்குவதில்லை, தனித் தொட்டியில் இருக்கும். அளவு பார்ப்பதற்கு முன் தொட்டி மூடியைத் திறந்துவைத்து, இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, புரொப்பெல்லரைச் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். தொட்டிக்குள் ‘களக்’கென்று காற்று கொப்பளிக்கும் சத்தம் கேட்டால், அடியில் தேங்கிய எண்ணெயெல்லாம் தொட்டிக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்தச் சத்தம் கேட்காமல் அளவுகோலைப் பார்த்தவர் எண்ணெய் குறைகிறது என்று நினைத்து மேலும் ஊற்றிவிடுவார்.

பழைய லைகமிங் ஓ-320 வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஐந்து லிட்டருக்கு மேல் கொள்ளளவு, நான்கே சிலிண்டர், 150 அல்லது 160 குதிரைத்திறன், வெறும் 2,700 சுற்று. கியரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. இன்றைய பொறியியல் மாணவருக்கு டிராக்டர் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குப் பொறி தர இரண்டு தனித்தனி மேக்னெட்டோ. பேட்டரி செத்தாலும் எஞ்சின் நிற்காது. பறக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஒரு மேக்னெட்டோவை அணைத்து, சுற்று கொஞ்சம் குறைகிறதா என்று பார்ப்பார்கள். சற்றே குறைந்தால் சரி. நிறையக் குறைந்தால் கோளாறு. கொஞ்சமும் குறையாவிட்டால் அணைத்ததாக நினைத்த மேக்னெட்டோ உண்மையில் அணையவில்லை. அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் நின்ற எஞ்சினின் புரொப்பெல்லரைத் தொட்டவர் கையை அது வெட்டும். சுற்று வேகத்தைக் காட்டும் ஒரு முள் இவ்வளவு செய்தி சொல்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் பல தலைமுறை விமானிகளின் அனுபவம்தான்.

பெயர்பெற்ற எஞ்சின்களும் கெட்டுப்போகின்றனவே என்று கேட்கலாம். கெடத்தான் செய்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஜபிரு எஞ்சின்கள் நடுவானில் நிற்பதாகப் புகார்கள் சேர்ந்ததும், 2014 டிசம்பரில் அந்நாட்டு விமானப் பாதுகாப்பு ஆணையம் அவற்றைப் பயன்படுத்தக் கட்டுப்பாடுகள் விதித்தது. ஜபிரு பிரியர்கள் கொதித்தார்கள். 2016இல், தயாரிப்பாளர் சொன்னபடி பராமரிக்கப்படும் எஞ்சின்களுக்குக் கட்டுப்பாடு தளர்ந்தது. இந்தச் சம்பவம் என் வாதத்துக்கு எதிரானது போலத் தோன்றலாம். எனக்கு இது பக்கபலமாகவே படுகிறது. ஜபிருவின் குறைகள் வெளியே வந்ததற்குக் காரணம், அவை ஏராளமாக ஓடியதும், நின்றபோதெல்லாம் யாரோ பதிவு செய்ததும்தான். பட்டறையில் ஒருவர் தனியாக மாற்றியமைத்த எஞ்சினிலும் குறைகள் இருக்கும். ஆனால் அதை முதலில் கண்டுபிடிக்கப்போகிறவர் அவரேதான், அதுவும் ஆகாயத்தில்.

அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் சொந்தக் கட்டுமான விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. எஞ்சின் தொகுதி பழுதாவதும் கட்டுப்பாடு இழப்பதும்தான் விபத்துகளில் முன்னால் நின்றன; விமானம் கட்டி முடித்த தொடக்க நாட்களில் ஆபத்து கூடுதல். அந்நாட்டு விதியும் இதை ஒட்டியே இருந்துவந்தது. சான்று பெற்ற எஞ்சின், புரொப்பெல்லர் ஜோடி என்றால் சோதனைப் பறத்தல் 25 மணிநேரம். வேறு ஜோடி என்றால் 40. எஞ்சின் தொகுதி என்று சொல்வதைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் என்பது சிலிண்டரும் பிஸ்டனும் மட்டுமில்லை. பெட்ரோல் வரும் குழாய், குளிர்விக்கும் காற்று வரும் வழி, வயர், வால்வு எல்லாம் சேர்ந்தது. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியக் கடலில் விழுந்து இறந்தார். ஓட்டியது லாங்-ஈஸி என்ற சொந்தக் கட்டுமான விமானம். (இதே வடிவத்தைப் பின்பற்றித்தான் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் 1987இல் ஒரு விமானம் கட்டிப் பறக்கவிட்டது.) எரிபொருள் தொட்டியை மாற்றும் வால்வை வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் விமானியின் கால்களுக்கு நடுவில் வைத்திருந்தார். அந்த விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். ஒரு தொட்டி காலியானதும் டென்வர் திரும்பி அதை எட்ட முயன்றபோது கால் தவறிப்போய்ச் சுக்கானை அழுத்தியிருக்கிறார். பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள் வர வேண்டாம் என்று கட்டியவர் நல்ல எண்ணத்தோடுதான் மாற்றினார். வடிவமைப்பாளர் எழுதியதை மாற்றும்போது நாம் எதை இழக்கிறோம் என்பது, மாற்றும் வேளையில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

விலைக்கு வருவோம். புது ரோடாக்ஸ் 912 வாங்க இன்று இருபது லட்ச ரூபாய்க்கு மேல் வேண்டும். பழைய கார் எஞ்சின் சில ஆயிரங்களில் கிடைக்கும்போது இதை எப்படி நியாயப்படுத்துவது? நடுத்தரக் குடும்பத்து இளைஞருக்கு இது உண்மையான தடை. அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் மலிவு எஞ்சினின் விலையோடு கியர்பாக்ஸ், ரேடியேட்டர், எஞ்சின் பிடிக்கும் சட்டம், சரியாகும்வரை நடக்கும் சோதனைகள், அதற்கான வருடங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் இடைவெளி சுருங்கிவிடும். அவருக்கு நான் சொல்லக்கூடிய வழி, எஞ்சினில் சிக்கனம் பிடிப்பதை விட்டுச் சிறிய விமானத்துக்கு இறங்குவது. இருவர் விமானத்தை ஒருவர் விமானமாக்கலாம். அல்லது நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்றைக் கட்டலாம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் மலிவு, எடையும் குறைவு. ஆனால் ரோடாக்ஸ் 582ஐ 300 மணிநேரத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த நேரமும் திடீரென நிற்கக்கூடும் என்று தயாரிப்பாளரே கையேட்டில் எச்சரிக்கிறார். நின்றால் இறங்க இடம் இருக்கும் வழியில் மட்டும் பறக்கிறவருக்கு அது ஏற்றது.

எல்லாரும் பழகிய எஞ்சினையே வாங்கினால் புதியது எப்படி வரும், ரைட் சகோதரர்கள் தாங்களே செய்துகொள்ளவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் முதலில் கார் கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டார்கள், தேவைக்குப் பொருந்தும் எஞ்சின் எவரிடமும் கிடைக்காததால்தான் செய்தார்கள். புது எஞ்சின் வேண்டும், நம் நாட்டிலேயே வேண்டும் என்பதில் எனக்கும் ஆசை உண்டு. அதற்குரிய வேலை எஞ்சினைச் சோதனை மேடையில் கட்டி நூற்றுக்கணக்கான மணிநேரம் ஓட்டுவது. புது இறக்கையையும் புது எஞ்சினையும் புது விமானியையும் ஒரே நாளில் சேர்த்துச் சோதிப்பதில்லை. பெங்களூரு ஆய்வகம் ஹன்ஸா பயிற்சி விமானத்தின் புதிய வடிவத்துக்கு ரோடாக்ஸ் 912ஐத் தேர்ந்தெடுத்தது. நாடே நம்பும் ஆய்வகம், தெரிந்த எஞ்சினை எடுத்துக்கொண்டு, அதையும் விடாமல் 2022 மே மாதம் சள்ளக்கெரேயில் ஏழெட்டாயிரம் அடி உயரத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்த்தது.

நம் தென்கோடிக்கென்று சில கணக்குகள் தனியாக உண்டு. தயாரிப்பாளர் எழுதும் சக்தி 15 டிகிரி வெப்பத்துக்கு உரியது. சித்திரை வெயிலில் 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி எட்டு சதவீதம் குறையும். அதோடு எஞ்சினின் சக்தியும் குறையும், இறக்கையின் தூக்குவிசையும் குறையும். அதனால் வடிவமைப்பாளர் அனுமதிக்கும் எஞ்சின்களில் மேல்வரிசையில் உள்ளதை எடுப்பது இங்கே நியாயம். ஐப்பசி ஈரத்தில் வேறு தொல்லை: காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வெளியே 25 டிகிரி இருக்கும்போதும் கார்புரேட்டர் கழுத்தில் பனி கட்டும். எஞ்சின் நின்றால் இறங்க இடம் தேட வேண்டும். ராதாபுரம் வட்டாரத்தில் காற்றாலைகளும் உயர்மின் கம்பிகளும் பனைகளும்; கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பக்கமே போகக் கூடாது. ஆற்றுப் பாசனப் பக்கம் வாழைத்தோட்டமும் தண்ணீர் நிற்கும் வயலும். சக்கரம் சேற்றில் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும். ஆயிரம் அடி உயரத்தில் நின்ற எஞ்சினோடு இரண்டரை, மூன்று கிலோமீட்டருக்குள் இடம் பார்த்தாக வேண்டும்.

கடைசியாகப் பெட்ரோல். ரோடாக்ஸ் 912 சாதாரணப் பெட்ரோலில் ஓடும் என்பதுதான் நம் போன்ற நாடுகளில் அதற்குப் பெரிய பலமாக இருந்தது. ஆனால் அதன் தயாரிப்பாளர் அனுமதிப்பது பத்து சதவீத எத்தனால் வரைக்கும்தான். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவதோ இருபது சதவீதம் கலந்தது. இந்தியன் ஆயில் 2022 முதல் வடோதராவில் விமானப் பெட்ரோல் தயாரிக்கிறது. அதில் ஈயம் இருப்பதால் இந்த எஞ்சினில் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும், ஆனாலும் ஓடும். லைகமிங்குக்கோ அதுதான் இயல்பான உணவு. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்னால், எந்த ஓடுதளத்தில் விமானத்தை நிறுத்தப்போகிறோமோ அங்கே எந்தப் பெட்ரோல் பீப்பாயில் வந்து சேரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வந்த பெட்ரோலையும் நம்பிவிடக் கூடாது. அளவு போட்ட கண்ணாடிக் குழாயில் பத்துக் கோடு தண்ணீர், மேலே தொண்ணூறு கோடு பெட்ரோல் ஊற்றி, குலுக்கி, சிறிது நேரம் நிறுத்திவைத்தால் எத்தனால் தண்ணீரோடு கீழே போகும். அடியிலுள்ள தண்ணீர் மட்டம் பத்திலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வைத்து, எத்தனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.